செண்பகத்தோப்பில் ஓர் ஆலமரத்தடி

காட்டழகரைச் சேவிக்க வேண்டும் என்பது என் துணைவியாரின் பல்லாண்டு வேண்டுதல். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நாங்கள் செல்லாத ஆண்டில்லை. ஆண்டாள் நாச்சியாரையும் ரங்கமன்னாரையும், அவ்விருவரோடு ஒரே சந்நிதியில் சரிசமமாக எழுந்தருளியிருக்கும் கருடாழ்வாரையும் கண்குளிரச் சேவிப்போம். வடபத்ரசாயிப் பெருமாளின் சந்நிதியில் துளசியும் தீர்த்தமும் பெறுவோம். நந்தவனத்தில் நாச்சியார் அவதரித்த இடத்தில் சற்று நேரம் அமர்வோம். பிறகு பால்கோவா வாங்கிக்கொண்டு மதுரைக்குப் பேருந்து ஏறிவிடுவோம். ஊருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாக நின்றுகொண்டேயிருக்கும். அம்மலைச் சரிவின் காட்டுக்குள்தான் காட்டழகர் கோயில் கொண்டிருக்கிறார். “அடுத்த முறை” என்று சொல்லிச் சொல்லியே இருவருக்கும் அறுபது கடந்துவிட்டது.

சென்ற தை மாதம் ஒரு வழியாகப் புறப்பட்டோம். முதல் நாள் இரவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கி, விடியற்காலையில் ஆட்டோ ஒன்றை அமர்த்திக்கொண்டு செண்பகத்தோப்புக்குச் சென்றோம். ஊரிலிருந்து மேற்கே ஏழெட்டு கிலோமீட்டர்தான். தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் கடந்தால் மலையடிவாரம் வந்துவிடுகிறது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி பெற்றுக்கொண்டு, இளைஞரான வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் உடன்வர, ஓடையை ஒட்டிய பாதையில் நடந்தோம். அவர் அவ்வடிவாரத்திலேயே வாழும் பளியர் குடியைச் சேர்ந்தவர். காட்டைத் தம் வீட்டுக் கொல்லையைப்போல் அறிந்திருந்தார்.

அந்தத் தோப்புகள் எனக்குப் புதியவை அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

அரை மணி நேரம் நடந்திருப்போம். பாதை ஏறத் தொடங்கிய இடத்தில் என் துணைவியாரின் முழங்கால் தன் முடிவை அறிவித்துவிட்டது. ஒரு பாறையில் அமர்ந்தவர் எழவில்லை. முகம் வாடிப்போயிற்று. “நீங்கள் மட்டும் போய்ச் சேவித்துவிட்டு வாருங்கள்” என்றார். வேண்டுதல் அவருடையது, நான் மட்டும் போய் என்ன செய்வது? காவலர் சிறிது யோசித்துவிட்டு, “அம்மா, மேல போகாட்டி என்ன? ஓடைக்கரையில ஒரு ஆலமரம் பழுத்துக் கெடக்கு. அங்க வந்து உக்காருங்க. பார்க்க வேண்டியதெல்லாம் அங்கயே வரும்” என்றார். நூறடிகூட இல்லை. கைத்தாங்கலாக அழைத்துச் சென்றோம்.

அம்மரத்தடியில் காலை ஏழு மணி முதல் பத்தரை மணி வரை இருந்தோம். முப்பத்தைந்து ஆண்டு வங்கிப் பணியில், கணக்கு முடிக்கும் மார்ச் 31-ஆம் தேதியைத் தவிர, நான் ஓரிடத்தில் அசையாமல் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

முதலில் கேட்டது சத்தந்தான். பழம் ‘பொத் பொத்’தென்று சருகில் விழும் ஓசை. அதற்கு மேலே பல குரல்கள் ஒன்றாகக் கலந்த இரைச்சல். கல்யாணப் பந்தியில் நுழைந்தாற்போலிருந்தது. அண்ணாந்து பார்த்தால் இலைதான் தெரிந்தது. கண் பழகப் பழக ஒவ்வொருவராகத் தோன்றினார்கள். மர உச்சியில் பச்சைப்புறாக்கள் இருந்தன. மஞ்சளும் பச்சையும் கலந்த அந்த உடல், அசையாமலிருந்தால் ஆலிலையிலிருந்து பிரித்தறிய முடியாதது. இருபது இருக்கும் என்று எண்ணினேன். ஏதோ கிளை முறிய, எழுந்து பறந்தவை ஐம்பதுக்குக் குறையாது. அடுத்த தட்டில் குக்குறுவான்கள், மைனாக்கள். குயில் ஒன்று பாடுவதை அடியோடு மறந்துவிட்டுப் பழத்தை முழுங்கிக்கொண்டிருந்தது. கொண்டைக்குருவிகள் ஓரக் கிளைகளில் வந்து வந்து போயின. கிளிகள் ஒரு கூட்டமாக இறங்கி, ஒரு பழத்தில் ஒரு கடி கடித்து எறிந்துவிட்டு அடுத்த பழத்துக்குத் தாவின. “நாச்சியார் கையில் மட்டும் எவ்வளவு அடக்கமாக இருக்கிறது!” என்று என் துணைவியார் சிரித்தார். முழங்கால் வலி சற்று மறந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

எட்டு மணி வாக்கில்தான் அவர் வந்தார். ‘அவர்’ என்றே எழுதத் தோன்றுகிறது. பக்கத்து நீர்மருத மரத்திலிருந்து ஆலங்கிளைக்கு ஒரே தாவல். கிளை ஊஞ்சல்போல் ஆடி நின்றது. சாம்பலும் பழுப்பும் கலந்த உடலில் நரை தூவினாற்போல் வெண்மயிர்கள். உடலளவுக்கே நீண்ட அடர்ந்த வால். மூக்கிலிருந்து வால் நுனி வரை இரண்டரை அடி இருக்கலாம். இவரே சாம்பல் நிற மலையணில். உலகத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இனம். இவர் பெயரால்தான் 1988-ஆம் ஆண்டு இம்மலைச்சரிவு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 480 சதுர கிலோமீட்டர். 2021-இல் இதை மேகமலையோடு இணைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழகத்தில் அது ஐந்தாவது புலிகள் காப்பகம்.

என் துணைவியார் கூர்ந்து பார்த்துவிட்டு, “முதுகில் கோடு இல்லையே?” என்றார். நியாயமான கேள்வி. சேதுபந்தனத்தில் மணலில் புரண்டு கைங்கரியம் செய்த அணிலை ஸ்ரீராமபிரான் தடவிக் கொடுத்ததும், மூன்று கோடுகள் பதிந்ததும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் சொல்லும் கதை. தொண்டரடிப்பொடியாழ்வாரும் திருமாலையில் அவ்வணிலை நினைந்து உருகியிருக்கிறார். அது நம் முற்றத்துச் சிற்றணில். இது காட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட பெரிய தாயாதி. கோடு இல்லாவிட்டாலும் உட்காரும் அழகு இருக்கிறதே! பின்னங்கால்களால் கிளையைப் பற்றி, முன்புறம் குனிந்து, வாலைப் பின்புறம் தராசுத் தட்டுப்போல் தொங்கவிட்டு, இரு கைகளிலும் பழத்தை ஏந்தி உருட்டி உருட்டி உண்கிறது. நிவேதனம் செய்பவர்கூட அவ்வளவு பக்குவமாகப் பாத்திரம் பிடிப்பாரா என்பது ஐயமே.

பறவைகள் சிதறி ஓடும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஓடவில்லை. ஒரு குக்குறுவான் மட்டும் இரண்டு கிளை தள்ளி அமர்ந்துகொண்டது. அணில் உட்கிளைகளில், தடித்த கொம்புகளை ஒட்டி உண்டது. தன் எடையைத் தாங்காத நுனிக் கொம்புகளுக்கு அது போகவில்லை. நுனிப் பழங்கள் புறாவுக்கும் கொண்டைக்குருவிக்கும். கடித்து எறிந்தவையும் தவறி விழுந்தவையும் தரைக்கு. தரையில் புதருக்குள்ளிருந்து காட்டுக்கோழி ஒன்று மெல்ல வந்து, எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு, கொத்தத் தொடங்கியது. “ராத்திரிக்குப் புள்ளிமானும் பன்னியும் வரும்யா. மேல இருக்கிறவங்க சிந்துறதுதான் கீழ இருக்கிறவங்களுக்குச் சாப்பாடு” என்றார் காவலர்.

சண்டையே இல்லை என்று எழுதினால் பொய்யாகும். மைனாக்கள் ஓயாமல் தமக்குள் வைதுகொண்டன. குக்குறுவான் ஒன்று தன் கொம்புக்கு வந்த இன்னொரு குக்குறுவானை விரட்டியபடியே இருந்தது. விரட்டிய நேரத்தில் பத்துப் பழம் தின்றிருக்கலாம். பாகப்பிரிவினை வழக்குகளுக்காக வங்கிக்கு வந்து பழைய கணக்கு கேட்ட சகோதரர்கள் பலர் நினைவுக்கு வந்தார்கள்.

முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள் இருப்பதையும், ஒன்று பழம் உண்ண மற்றொன்று உண்ணாமல் பார்த்துக்கொண்டிருப்பதையும் உபந்நியாசங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். உண்ணாத பறவை ஏதேனும் இம்மரத்தில் உண்டா என்று விளையாட்டாகத் தேடினேன். ஒன்று இருந்தது! வால் நுனியில் இரண்டு துடுப்புகள் தொங்கும் கரிச்சான். பழத்தைத் தொடவே இல்லை. நடுக்கொம்பில் சாட்சிபோல் அமர்ந்திருந்தது. நான் மெய்சிலிர்த்துத் துணைவியாரிடம் சொல்லி முடிப்பதற்குள், சட்டென்று பாய்ந்து, மற்றவை கிளப்பிவிட்ட பூச்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதே கொம்புக்குத் திரும்பியது. அதுவும் சாப்பாட்டுக்குத்தான் வந்திருக்கிறது.

ஆலம்பழம் என்கிறோமே, அது உண்மையில் பழம் மட்டுமன்று. ஒரு பூங்கொத்தே உள்நோக்கி மடிந்து உருண்டையாகிவிட்ட ஓர் அமைப்பு. நூற்றுக்கணக்கான நுண்பூக்கள் உள்ளேயே பூத்து உள்ளேயே காய்க்கின்றன. ‘அத்தி பூத்தாற்போல’ என்று நாம் சொல்வது இதனால்தான். ஆல், அரசு, அத்தி, இத்தி எல்லாம் ஒரே குடும்பம். பூ வெளியே தெரியாமல் காய்ப்பதால் இத்தகைய மரங்களுக்குக் ‘கோளி’ என்று பழந்தமிழில் பெயருண்டு. காயின் நுனியிலுள்ள கண் வழியாகக் கடுகினும் சிறிய குளவி ஒன்று உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. ஆலுக்கு ஒரு குளவி, அத்திக்கு வேறொரு குளவி. அக்குளவியின் ஆயுள் ஓரிரு நாள்தான். ஆகவே எந்த மாதத்திலும் எங்கோ ஓர் ஆலமரம் காய்த்திருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் குளவி வம்சம் அற்றுப்போகும். மாவும் நாவலும் தத்தம் பருவத்தில் மட்டும் பழுக்க, ஆலும் அத்தியும் ஆளுக்கொரு மாதமாக முறைவைத்தாற்போல் பழுப்பதன் காரணம் இதுவே. வேறு மரங்களில் ஒன்றுமில்லாத காலத்தில் காட்டின் பறவைகளும் அணில்களும் குரங்குகளும் உயிர் தாங்குவது இக்குடும்பத்து மரங்களால்தான். ஒரு குளவிக்காக ஏற்பட்ட ஏற்பாட்டில் காடே பசியாறுகிறது.

விதையின் கதை வேறு. கிளி விதையைக் கடித்து நொறுக்கிவிடும். பச்சைப்புறாவின் இரைப்பையும் பெரும்பாலான விதைகளை அரைத்துவிடுமாம். மலையணிலின் பற்களிடமும் விதை தப்புவது அருமை. ஆனால் குயிலும் குக்குறுவானும் மைனாவும் கொண்டைக்குருவியும் விதையைப் பழுதில்லாமல் எங்கோ கொண்டுபோய் எச்சத்தில் இட்டுவிடுகின்றன. கும்பாபிஷேகத் திருப்பணிக்கு நன்கொடை தந்த அனைவருக்கும் இது தெரியும். கோபுரத்துச் சுதைகளுக்கிடையே முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் பிடுங்குவதற்கென்றே ஒரு செலவினம் உண்டல்லவா? கோபுரத்தில் இடர் செய்யும் அதே கன்று, காட்டில் பனையின் தலையிலோ பாறைப் பிளவிலோ விழுந்தால் ஊருக்கே நிழல்.

ஒன்பது மணியளவில் ஒரு நிழல் மரத்தின்மேல் தவழ்ந்தது. மலையணில் உண்பதை நிறுத்தியது. அடுத்த கணம் அதன் தொண்டையிலிருந்து கிலுகிலுப்பையை வேகமாக ஆட்டினாற்போல் ஓர் ஓசை கிளம்பியது. ஓடை முழுவதும் எதிரொலித்தது. கரிச்சானும் கூவியது. பச்சைப்புறாக்கள் ஒரே வீச்சில் எழுந்து மறைந்தன. மற்றவை இலைக்குள் ஒடுங்கின. அத்தனை இரைச்சலும் அடங்கி, ஓடைநீரின் ஒலி மட்டும் கேட்டது. மரமுடிகளை உரசுவதுபோல் தாழ்வாக, அகன்ற கரிய சிறகுகளோடு ஒரு கழுகு மிதந்து சென்றது. என் துணைவியார் பழக்கத்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு “கிருஷ்ணா, கிருஷ்ணா” என்றார். காவலர் மெல்ல, “அது கருடன் இல்லம்மா. கருங்கழுகு. கூடு கூடாப் பார்த்துட்டே போகும். குஞ்சு கெடச்சா தூக்கிரும்” என்றார். கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றுவிட்டது.

கழுகு கடந்து நெடுநேரம் கழித்து முதலில் அசைந்தது அணில்தான். அது மீண்டும் பழத்தைக் கையிலெடுத்த பிறகே கொண்டைக்குருவிகள் வெளியே வந்தன. பழத்தை மட்டும் அவை பங்கிட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போது விளங்கியது.

பழம் தின்று முடித்த அணில் நீர்மருத மரத்துக்கே திரும்பிற்று. அதன் உயர்ந்த கவையில் ஒரு பெரிய இலைப்பந்து இருந்தது. சுள்ளியும் பசுந்தழையும் சேர்த்துக் கட்டிய கூடு. “ஒரு அணிலுக்கு ரெண்டு மூணு கூடு இருக்கும்யா. மரத்துக்கு மரம் கெளை தொட்டுக்கிட்டு இருக்கிற எடமாப் பார்த்துத்தான் கட்டும். ஆபத்துன்னா எந்தப் பக்கமும் ஓடணும்ல? இருபதடி தாவும். ஆனா தரையில எறங்கி நடக்க அதுக்குப் பிடிக்காது. எறங்குனா நாயோ சிறுத்தையோ பிடிச்சிரும். கெளை எங்க முடியுதோ, அதோட அதுக்கு ஊரு முடிஞ்சிருச்சு” என்றார் காவலர். பிறகு கிழக்கே கை காட்டினார். “முன்னெல்லாம் அந்தப் புளியந்தோப்பு, மாந்தோப்பு வழியா ரோடு வரைக்கும் வருமாம். எங்க தாத்தா சொல்லுவாரு. இப்ப நடுவுல தென்னையாப் போச்சு. வர வழியில்ல.”

எனக்குத் தொண்டை வறண்டது. 1995-ஆம் ஆண்டு, இவ்வட்டாரத்துக் கிளை ஒன்றில் விவசாயக் கடன் அலுவலராக மூன்றாண்டுகள் பணியாற்றினேன். மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் பட்டா நிலத்தில் பழைய மாவும் புளியும் கலந்த தோப்பு. உரிமையாளர் நாணயமான பெரியவர். அம்மரங்களை அகற்றித் தென்னை வைக்கக் கடன் கேட்டார். கள ஆய்வுக்கு நானே சென்றேன். புளியமரத்துக் கவைகளில் இலைப்பந்துகள் இருந்ததைப் பார்த்ததும் நினைவிருக்கிறது. “அது மலையணில் கூடு சார்” என்று அவர் சொன்னதும் நினைவிருக்கிறது. அறிக்கையில் ‘பலன் குறைந்த முதிர்ந்த மரங்கள்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். நாற்பதுக்கும் மேற்பட்ட மரங்கள். சட்டப்படி ஒரு குறையும் இல்லை. தவணைகள் நாள் தவறாமல் கட்டப்பட்டன. வாராக்கடன் இல்லாத கிளை என்று பாராட்டுக் கடிதம்கூட வந்தது; அக்கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

இதை அம்மரத்தடியில் என் துணைவியாரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். “அந்தப் பெரியவர் பெண் கல்யாணத்துக்கு நாம் போனோமே, அந்தத் தோப்பா?” என்றார். ஆம், அதுவேதான். “போய்ப் பார்த்துவிட்டுப் போகலாம்” என்றார். காட்டழகர் கோயில் இருக்கும் திசை நோக்கி இருவரும் நின்று கைகூப்பினோம். அவர் நெடுநேரம் கண்மூடி நின்றார்.

தோப்பில் பெரியவர் இல்லை. பரமபதித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மகன் எங்களை அடையாளம் கண்டு, கயிற்றுக்கட்டில் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார். தென்னைகளின் கீழ்மட்டைகள் கரி பூசினாற்போல் இருந்தன. வெள்ளை ஈ. மட்டையின் அடிப்புறத்தில் ஈ சுரக்கும் தேன்போன்ற பிசின் வழிந்து, அதன்மேல் கரும்பூஞ்சை படர்ந்துவிடுகிறது. காய்ப்பு பாதியாகிவிட்டது என்றார். தோப்பின் மேற்கெல்லையில், காட்டை அடுத்து, நான்கு புளியமரங்கள் மட்டும் தப்பியிருந்தன. அதிலொன்றில் ஓர் இலைப்பந்து! அதற்கும் காட்டின் முதல் மரத்துக்கும் இடையே நாற்பதடி வெளி. “எப்படி வருகிறது?” என்றேன். “விடியக்காலையில எறங்கி ஓடி வருது சார். போன வருசம் ஒண்ணை நாய் பிடிச்சிருச்சு” என்றார்.

அவருடைய கிணற்றுச் சுவரில், ஏதோ பறவை இட்ட எச்சத்திலிருந்து, ஓர் ஆலங்கன்று முளைத்திருந்தது. முழ உயரம். சுவரைப் பிளந்துவிடும், சித்திரையில் கிணறு தூர்வாரும்போது வெட்டப்போகிறேன் என்றார். வெட்டுவதற்குப் பதிலாக, வேரோடு பெயர்த்து மேற்கெல்லை வெளியில் நடலாமே என்றேன். ஆலுக்குப் போத்து நட்டாலே பிழைக்குமே, கன்று பிழைக்காதா? அவர் சிரித்தார், கோபமில்லை. “சார், அணிலுக்குப் பாலம் போட்டா அது சும்மா வருமா? குரும்பையக் கடிச்சுப் போடும். ஏற்கெனவே ஈயில பாதி போச்சு. ஆல நெழல்ல ரெண்டு வரிசைத் தென்னை காய்க்காது. கணக்குப் போட்டுப் பாருங்க. நீங்கதான் எங்க அப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தீங்க.”

நான் கணக்குப் போட்டேன், பழக்கம் விடுமா? இரண்டு வரிசைக்குப் பன்னிரண்டு மரம். இன்றைய காய்ப்பில், இன்றைய விலையில். அவர் சொன்னது தவறில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் ஒரு மரத்தின் நிழலை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இழப்பை நான் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் துணைவியார் முந்திக்கொண்டு, “தம்பி, உங்கள் அப்பா அந்த நான்கு மரத்தை ஏன் விட்டார்?” என்று கேட்டார். அவர் சற்று நேரம் மேற்கே பார்த்திருந்துவிட்டு, “அம்மா, அதை வெட்ட ஆள் வந்த அன்னிக்கு மேல குஞ்சு கத்துச்சாம். எங்க அம்மா வேண்டாம்னுட்டாங்க” என்றார். அதற்குமேல் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

மாலையில் கோயிலுக்கு வந்தோம். வடபத்ரசாயியைச் சேவிக்கும்போது அன்று வேறு விதமாக இருந்தது. வடபத்ரம் என்றால் ஆலிலை. பிரளய வெள்ளத்தில் உலகமெல்லாம் மூழ்கிய பின் மார்க்கண்டேய மகரிஷி கண்டது ஓர் ஆலிலைமேல் துயிலும் குழந்தையை. எத்தனையோ இலைகள் இருக்க ஏன் ஆலிலை என்று அறுபது வயதுவரை எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

ஆண்டாள் சந்நிதியில் சாயரட்சைக்குக் கூட்டமிருந்தது. நாச்சியாரின் இடக்கையில் அன்றைய கிளி அமர்ந்திருந்தது. நாள்தோறும் புதிதாகச் செய்யப்படும் கிளி அது. மாதுளம்பூவால் அலகு, மரவள்ளி இலையால் உடல் என்று, பரம்பரையாக அக்கைங்கரியம் செய்பவர்கள் பல மணி நேரம் அமர்ந்து கட்டுகிறார்கள். “நாளைக்கு இது வாடிவிடும், வேறொன்று வரும்” என்றார் பின்னால் நின்ற ஓர் அம்மையார் தம் பேத்தியிடம். “அதற்கு இலை எங்கிருந்து வரும்?” என்று கேட்டாள் பேத்தி.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூர் மதுரையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர், இரயிலும் பேருந்தும் உண்டு. செண்பகத்தோப்புக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும்; கோடையில் காட்டுத்தீ அபாயத்தாலும், மழைக்காலத்தில் வெள்ளத்தாலும் அனுமதி நிறுத்தப்படலாம்; விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் தயங்க வேண்டாம். ஓடைக்கரை வரை நடந்தால் போதும். விடியற்காலையே நல்ல நேரம். வெயில் ஏறினால் அணில் கொம்பின்மேல் குப்புறப் படுத்து உறங்கிவிடும். தின்பண்டம் எதையும் குரங்குக்கோ அணிலுக்கோ போடாதீர்கள். நெகிழிப் பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். அர்ச்சனைப் பழத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

சென்ற வாரம் தோப்புக்காரரிடம் தொலைபேசியில் பேசினேன். கிணற்று வேலைக்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லையாம். கன்று அப்படியே இருக்கிறது என்றார். சித்திரையில் நீங்களும் அம்மாவும் வாருங்கள், அப்போது பார்த்துக்கொள்வோம் என்றார். பயணச்சீட்டு எடுத்துவிட்டேன்.